சதுரங்கப் பலகையின் அரிசிக் கணக்கு: 18446744073709551615 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கத்தை உருவாக்கியவர் அரசனிடம் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிக்கும் அரிசிமணிகளைப் பரிசாகக் கேட்ட கதையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் "அம்மாடி, எவ்வளவு பெரிய எண்!" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இந்த எண் பிடித்துப்போனது அதன் அளவுக்காக அல்ல, அதற்குள் இருக்கும் கட்டுமானத்துக்காக. நண்பர்களும் மாணவர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது?

பலகையில் 64 கட்டங்கள். முதல் கட்டத்தில் 1 மணி, அடுத்ததில் 2, அப்புறம் 4, 8, 16 என்று ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையதைப் போல இரு மடங்கு வைக்க வேண்டும். 64-ஆவது கட்டத்தில் 2⁶³ மணிகள் நிற்கும். எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் கிடைப்பது 2⁶⁴ − 1, அதாவது 18446744073709551615.

கதை உண்மையில் நடந்ததா?

நடந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் கதைக்கு வயது அதிகம். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற வரலாற்றாசிரியர் எழுதியதில், ஒரு இந்திய அரசனுக்காகச் சதுரங்கத்தை உருவாக்கிய சிஸ்ஸா என்பவர் பரிசாகக் கேட்பது கோதுமை. அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, கி.பி. 1000-ஐ ஒட்டி, அல் பிருனி என்ற அறிஞர் இதே மொத்தத்தைக் கடைசி இலக்கம்வரை சரியாகக் கணக்கிட்டு எழுதிவைத்திருக்கிறார்.

கேரளத்தில் ஆலப்புழைக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலிலும் இதே கதை உண்டு. அங்கே கிருஷ்ணனே முனிவராக வந்து அரசனோடு ஆடி ஜெயித்து, அரிசி கேட்கிறான். அரசனால் கொடுக்க முடியவில்லை. சரி, தவணையில் பால்பாயசமாகக் கொடு என்று ஏற்பாடாகிறது. அந்தத் தவணைதான் இன்றுவரை பிரசாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பார்கள். நான் கேட்ட வடிவங்களில் இதுதான் அழகு. மற்ற கதைகளில் அரசன் தோற்று நிற்பதோடு முடிகிறது, இங்கே கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இதை வாயால் எப்படி வாசிப்பது?

நம் முறையில் காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. கோடிக்கு மேல் போக "கோடி கோடி" போதும் (கோடாகோடி என்ற பழைய சொல்லும் இருக்கிறது). ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

64 எண்களையும் கூட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். பலகைக்கு வெளியே ஒரே ஒரு மணியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதல் கட்டத்து மணியோடு சேர்த்தால் 2. அதை இரண்டாம் கட்டத்து 2-உடன் சேர்த்தால் 4. மூன்றாம் கட்டத்து 4-உடன் சேர்த்தால் 8. இப்படியே கடைசிவரை போனால் 2⁶⁴ வந்து நிற்கும். கையில் எடுத்த அந்த ஒரு மணியைத் திருப்பி எடுத்துவிட்டால் 2⁶⁴ − 1.

2⁶⁴-ஐக் கண்டுபிடிக்க 63 தடவை இரட்டிக்கவும் தேவையில்லை. 2-இல் தொடங்கி ஆறு தடவை வர்க்கம் எடுத்தால் போதும்: 4, 16, 256, 65536, 4294967296, அப்புறம் 18446744073709551616. அடுக்கைப் பாதியாக்கிப் பாதியாக்கி வர்க்கமெடுக்கும் இந்த உத்தி பழைய சமஸ்கிருத யாப்பு நூலான பிங்கலரின் சந்த சாஸ்திரத்திலேயே இருக்கிறது. லகு, குரு (குறுகிய, நீண்ட) அசைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணுவதற்காக அவருக்கு 2-இன் அடுக்குகள் தேவைப்பட்டன. கடைசி வர்க்கத்தைத் தாளில் பெருக்கிப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நான் முதல்முறை செய்தபோது இரண்டு இடங்களில் தப்பு.

அரிசியாகப் பார்த்தால் எவ்வளவு?

கிராமுக்கு 40 மணி என்று வைத்துக்கொள்வோம். (பொன்னி மாதிரி சன்ன ரகமாக இருந்தால் இன்னும் அதிகம் நிற்கும்.) மொத்தம் சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, ஏறக்குறைய 900 வருட விளைச்சல். கன மீட்டருக்கு 800 கிலோ என்று கொண்டு கேரளம் முழுக்கப் பரப்பினால் 15 மீட்டர் அளவுக்கு உயரும். அம்பலப்புழை அரசன் பாயசத்துக்கு ஒப்புக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தப் பெரிய கணக்கைவிட, பலகையைப் பாதியாகப் பிரித்துப் பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் 32 கட்டங்களில் இருப்பது 4294967295 மணிகள், 107 டன் அளவு. பத்துப் பன்னிரண்டு லாரி. எந்த அரசனும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவான். அவனைக் கவிழ்ப்பது இரண்டாம் பாதிதான். அதன் ஒவ்வொரு கட்டமும் முதல் பாதியில் தனக்கு நேரான கட்டத்தைப்போல 2³² மடங்கு. 33-ஆவது கட்டம் முதல் கட்டத்தின் 2³² மடங்கு, 34-ஆவது இரண்டாவதின் 2³² மடங்கு, இப்படியே.

பலகை பாதியாகப் பிரியும் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கணிதத்திலும் அதே இடத்தில்தான் ஒருவர் இடறி விழுகிறார்.

இது பகா எண்ணா?

இல்லை, 5-இல் முடிகிறதே! 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற கடைசி இலக்கங்களில் சுழலும். 64 நாலால் வகுபடுவதால் 2⁶⁴ ஆறில் முடியும், ஒன்று கழித்தால் ஐந்து. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, ஆகவே 3-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

அப்படியென்றால் முழுக் காரணிகள்?

பலகையே சொல்லிவிடும். முதல் பாதியின் மொத்தத்தை அ என்று வையுங்கள். இரண்டாம் பாதி அ × 2³². இரண்டையும் சேர்த்தால் அ × (2³² + 1). இப்போது முதல் பாதியை மட்டும் எடுத்து அதையும் பாதியாக்குங்கள். அதே காரணத்தால் அது முதல் 16 கட்டங்களின் மொத்தம் × (2¹⁶ + 1). அதையும் பாதியாக்குங்கள். 8 கட்டம், 4 கட்டம், 2 கட்டம், கடைசியில் 1 மணி உள்ள ஒற்றைக் கட்டம். பிரித்ததைத் திருப்பி அடுக்கினால்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இதில் முதல் ஐந்தும் பகா எண்கள். கடைசியில் இருப்பதுதான் பிரச்சினைக்காரன். அது 641 × 6700417. ஆக மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஆகவே நம் எண்ணின் வகுத்திகள் 2⁷, அதாவது 128. இரட்டித்து இரட்டித்து உருவான எண்ணுக்கு வகுத்திகளின் எண்ணிக்கையும் 2-இன் அடுக்காகவே அமைந்துவிட்டது.

அந்த 4294967297-இல் என்ன பிரச்சினை?

பியர் டி ஃபெர்மா தொழிலால் நீதித்துறைக்காரர், கணிதம் பொழுதுபோக்கு. 2, 4, 16, 256, 65536 என்று வர்க்கித்துப் போகும் வரிசையில் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக இருப்பதைக் கண்டு, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று நம்பினார். 1640-இல் கடிதங்களிலும் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்று சொல்லியும், நம்பிக்கையை விடவில்லை.

அடுத்த உறுப்பே 4294967297. சுமார் 90 ஆண்டுகள் கழித்து, 1732-இல், 25 வயதான கணிதர் ஆய்லர் அது 641-ஆல் வகுபடுகிறது என்று காட்டினார்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. அதே 1640-இல் ஃபெர்மா 2³⁷ − 1 என்ற எண்ணை 223 வகுக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார். அங்கே பயன்பட்ட உத்தியை (அடுத்த கேள்வியில் வருவதைப் போன்றது) இங்கேயும் பயன்படுத்தியிருந்தால் சில நிமிட வேலை. பயன்படுத்தி, கழித்தலில் எங்காவது சறுக்கியிருப்பார் என்பது என் ஊகம். என் இரண்டு தப்புகளை நினைத்தால் அவர்மேல் கோபம் வரவில்லை.

641-ஐ ஆய்லர் எப்படிப் பிடித்தார்? வரிசையாக வகுத்துப் பார்த்தாரா?

2³² + 1-ஐ ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். இதுதான் அவர் பிடித்த கயிறு. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று 64, 64-ஆகத் தாண்டிப் போகலாம். இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது முயற்சியில் முடிந்தது.

கால்குலேட்டர் இல்லாமல் 641 வகுக்கும் என்று காட்ட முடியுமா?

முடியும். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴ (625 + 16)

இனி எல்லாவற்றையும் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்ப்போம். முதல் வரியின்படி 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு, ஆகவே மீதி −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸, மீதி +1. இரண்டாம் வரியின்படி 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி தருபவை. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடுங்கள்: −2⁴ × 2²⁸, அதாவது −2³², மீதி 1. எனவே 2³² + 1-க்கு மீதி 0.

அவ்வளவுதான். பத்து இலக்க எண் ஒன்றைப் பெருக்காமலே, வகுக்காமலே அதன் காரணியை நிரூபித்துவிட்டோம். கரும்பலகையில் நாலு வரி. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

முதல் பாதியின் காரணிகளுக்கு வேறு ஏதாவது சிறப்பு உண்டா?

நிறைய. 1796-இல், 19 வயது நிரம்ப ஒரு மாதம் இருந்தபோது, காஸ் என்ற கணிதர் ஒழுங்கான 17-கோணத்தைக் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். கிரேக்கர்கள் காலத்திலிருந்து யாருக்கும் தோன்றாதது. அப்படி வரையக்கூடிய ஒற்றைப்படைப் பலகோணங்களின் பக்க எண்ணிக்கை, ஒவ்வொன்றும் வேறான ஃபெர்மா பகா எண்களின் (மேலே பார்த்த ஃபெர்மாவின் வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கமாக இருக்க வேண்டும். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்துதான். அவற்றைச் சேர்த்துப் பெருக்கினால் 31 விதப் பலகோணங்கள் கிடைக்கும். அவற்றில் ஆகப் பெரியதன் பக்கங்கள் எத்தனை தெரியுமா? 4294967295. அரைப் பலகையின் அரிசி!

இன்னொன்று. 4294967295-ஐவிடச் சிறியதாக, அதனோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி ஏதும் இல்லாமல் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணினால் 2147483648. அது 32-ஆவது கட்டத்தில் இருக்கும் மணிகளின் எண்ணிக்கை. முழுப் பலகைக்கு இந்த ஒழுங்கு செல்லாது, 641 உள்ளே புகுந்து கெடுத்துவிடுகிறது.

ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்து 65537-கோணத்தை வரையும் முறையை எழுதிமுடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. வரைந்து முடித்தாலும் கண்ணுக்கு அது வட்டம்தான்.

பாஸ்கல் முக்கோணத்தில் இந்த எண் ஒளிந்திருக்கிறது என்கிறார்களே?

உண்மைதான். ஓரங்களில் 1, உள்ளே மேலுள்ள இரண்டு எண்களின் கூட்டல் என்று கட்டும் அந்த முக்கோணத்தில் ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 என்று போடுங்கள். (பத்தாம் நூற்றாண்டில் பிங்கலருக்கு உரை எழுதிய ஹலாயுதர் இதே முக்கோணத்தை மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார்.) வரிகள் 1, 11, 101, 1111, 10001 என்று வரும். இவற்றை இரும எண்களாக வாசித்தால் 1, 3, 5, 15, 17. அடுத்தது 51, அப்புறம் 85, 255, 257. முதல் 32 வரிகள் தருவது அரைப் பலகை எண்ணின் 32 வகுத்திகளையும், சிறியதிலிருந்து பெரியது வரிசையில். 33-ஆவது வரியில் 4294967297 வந்து நிற்கும். 64-ஆவது வரியில் எல்லாமே ஒற்றை எண்கள்: 64 ஒன்றுகள். அதுதான் நம் எண்.

ஹனாய் கோபுரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அது ஒரு புதிர்: மூன்று கம்பிகள், ஒன்றில் அளவு வாரியாக 64 தட்டுகள், பெரியதைச் சிறியதன்மேல் வைக்கக்கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்தலாம். எல்லாவற்றையும் வேறு கம்பிக்கு மாற்றக் குறைந்தது 2⁶⁴ − 1 நகர்த்தல்கள் வேண்டும். அடித்தட்டு ஒரே ஒரு முறை நகரும், அதற்கு மேலுள்ளது 2 முறை, அதற்கும் மேலுள்ளது 4 முறை, உச்சியில் இருக்கும் குட்டித் தட்டு 2⁶³ முறை. சதுரங்கப் பலகையை நிமிர்த்தி வைத்தது போலத்தான்.

நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றால் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, அதைப்போல 42 மடங்கு. காசியில் ஒரு கோயிலில் பூசாரிகள் தங்கத் தட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது காசியில் பிறந்ததல்ல. 1883-இல் எதுவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதர் இந்தப் பொம்மையைப் புனைபெயரில் வெளியிட்டார், அதையொட்டிப் பிரான்சில் கட்டிவிட்ட கதை.

கம்ப்யூட்டரில் இந்த எண் அடிக்கடி கண்ணில் படுகிறதே, ஏன்?

64 பிட்டில் (0 அல்லது 1 நிற்கும் 64 இடங்களில்), கூட்டல் கழித்தல் குறி இல்லாமல், எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இது. 64 பிட்டும் ஒன்று. இதோடு ஒன்றைக் கூட்டினால் ஓடோமீட்டர் சுற்றிவருவது போல எல்லாம் பூஜ்யமாகும். பூஜ்யத்துக்கு முந்தைய எண் என்பதால் குறியுள்ள கணக்கில் இதே 64 ஒன்றுகள் −1-ஐக் குறிக்கும். நிரலில் ஏதோ ஒரு அளவு திடீரென்று 18446744073709551615 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். எங்கேயோ ஒரு −1-ஐ யாரோ குறியில்லாத எண்ணாக வாசித்திருக்கிறார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

இங்கேயும் அரைப் பலகை போதாமல் போன கதை உண்டு. நொடிகளைக் குறியுள்ள 32 பிட்டில் எண்ணும் கருவிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று இடம் தீர்ந்துவிடும். 64 பிட்டுக்கு மாறினால் 29,000 கோடி ஆண்டுக்கு மேல் கவலையில்லை.

எக்ஸெலில் தட்டினால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடுகின்றன. என் கோப்பு கெட்டுவிட்டதா?

இல்லை. எக்ஸெல் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும், மீதி ஐந்தும் பூஜ்யமாகும். ஜாவாஸ்கிரிப்ட் 18446744073709552000 என்று காட்டும். இரண்டும் எண்களை மிதவைப் புள்ளி (floating point) வடிவில் 64 பிட்டுக்குள் அடக்குபவை. அதில் ஒரு பகுதி அடுக்குக்குப் போய்விடுவதால் இலக்கங்களுக்கு 53 பிட் அளவுதான் மிஞ்சும். பைதானில் 2**64-1 என்று கொடுங்கள், முழுதாக வரும்.

பக்கத்தில் பகா எண் எங்கே இருக்கிறது?

கீழே 18446744073709551557, அதாவது 2⁶⁴ − 59. மேலே 18446744073709551629, அதாவது 2⁶⁴ + 13. நடுவில் எதுவும் இல்லை.

2⁶⁴ + 1? அதுவாவது ஃபெர்மா சொன்னபடி பகா எண்ணா?

அதுவும் இல்லை. 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, அதை 274177 × 67280421310721 என்று பிரித்தார். நம் எண்ணோடு 2-ஐக் கூட்டினால் வருவது இதுதான். இது தற்செயல் அல்ல. ஃபெர்மா எண்களை முதலிலிருந்து பெருக்கிக்கொண்டே வந்தால் அடுத்த ஃபெர்மா எண்ணுக்கு எப்போதும் சரியாக 2 குறைவாக இருக்கும். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பது இதிலிருந்து உடனே வரும். ஆகவே பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு இன்னொரு நிரூபணமும் கிடைக்கிறது. கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதியது இது.

65537-க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்கூட அகப்படவில்லை. 0-இலிருந்து எண்ணும் வழக்கப்படி, 5-ஆவதிலிருந்து 32-ஆவது ஃபெர்மா எண் வரை அத்தனையும் பகு எண்கள் என்று தெரியும். 33-ஆவது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அதை எழுதவே 250 கோடிக்கு மேல் இலக்கங்கள் வேண்டும்.